எருக்கிலையைத் துடைத்த கடைக்காரர்

செல்லத்தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளையார் சதுர்த்திக்கு வேண்டிய எருக்கம்பூ முழுக்கத் தன் நிலத்திலிருந்தே வரும், வெளியூரில் சொல்லிவைக்க வேண்டாம் என்று பூக்கடை செந்தில்முருகனிடம் சொல்லியாயிற்று. அவனும் அதை நம்பிக் கோயில்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். பூ தவறினால் அவன் கடைப்பக்கம் அவள் இனித் தலைகாட்ட முடியாது.

முத்தையாபுரத்தில் உப்பளத்தை ஒட்டிக் கிடந்த அந்த மணலில் வேறெதுவும் நின்றதில்லை. மல்லிகை வைத்துப் பார்த்தாள், கருகிப்போயிற்று. எருக்கு மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றது. சரி, வந்ததையே வளர்ப்போம் என்று வெள்ளெருக்காகப் பார்த்து வரிசை பிடித்து நட்டாள். எருக்குக்குப் பாத்தி கட்டுகிறவளைப் பார் என்று தெருவே சிரித்தது. பூத்த பிறகு பார்ப்போம் என்றிருந்தாள்.

சென்னையில் மளிகைக்கடை வைத்திருந்த அவள் புருஷன் வெள்ளத்துரை, கடையை மகளிடம் விட்டுவிட்டு இந்த ஆடியில்தான் ஊரோடு வந்திருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். சாத்தான்குளத்தில் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று செல்லத்தாய் போய்த் தங்கிவிட்டு வந்து பார்த்தால், முதல் இரண்டு வரிசைச் செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன. இலை ஓரமெல்லாம் பொசுங்கியிருந்தது.

"என்ன செஞ்சீய?"

"லாரி போற ரோடுல்லா? இலையெல்லாம் வெள்ளையாத் தூசி. ஈரத்துணி வச்சுத் தொடச்சேன். பின்பக்கமுந்தான்" என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விடிந்ததும் டப்பா டப்பாவாகத் துடைத்து அடுக்கினால்தான் யாவாரம் ஓடும் என்று வாழ்ந்த கை அது.

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அது தூசி இல்லை, செடி தானே பூசிக்கொள்கிற பொடி என்றாள். அடிக்கிற வெயிலில் பாதியைத் திருப்பி அனுப்புவதும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் பார்ப்பதும் அதுதான் என்றாள். அவர் நம்பவில்லை. யூரியா போட்டு மேலே பச்சைவலை கட்டினால் தேறிவிடும் என்றார்.

"கையில முதல் இல்லாத கடைக்காரன் இருக்கிற சரக்க என்ன செய்வான்?"

"காபந்து பண்ணுவான்."

"இந்த மண்ணுல என்ன முதல் இருக்கு? ஒரு இலை போனா அடுத்தது போட நாளாகும். அதான் ஒவ்வொண்ணையும் தடியாப் போட்டு, பொடி பூசி, உள்ள பாலையும் வச்சுக் காபந்து பண்ணுது."

வெள்ளத்துரை துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப நான் கொன்னுட்டேன்னு சொல்லு."

"கொல்லல. சட்டையக் கழத்தி வெயில்ல நிறுத்திட்டீய. அதுவா வேற சட்ட போட்டுக்கிடும், விடுங்க."

யூரியாவும் வேண்டாம், வலையும் வேண்டாம் என்று மூன்றாவது வரிசைக்கு முன்னால் ஒரு கம்பை ஊன்றினாள். கம்பைத் தாண்டி அவர் வரக்கூடாது.

மறுவாரம் செந்தில்முருகன் வந்தான். பொசுங்கின வரிசைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. வெளியூருக்கே போன் போட்டுவிடட்டுமா என்று இழுத்தான். அந்த இரண்டு வரிசையும் இல்லை என்றே வைத்துக்கொள், மற்றதைப் பார்த்துப் பேசு என்றாள் செல்லத்தாய். அவன் மொட்டுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். போனைப் பைக்குள் போட்டாலும் அரைமனதாகத்தான் வண்டியை எடுத்தான்.

அந்த வாரம் முழுக்க வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. கம்புக்கு அந்தப் பக்கம் செடிகள் சாம்பல் பூத்த முகத்தோடு அப்படியே நின்றன. சதுர்த்திக்கு முந்தின நாள் காலையில் கொத்துக் கொத்தாகப் பூ. செந்தில்முருகன் கொண்டுவந்த கூடைகள் போதாமல் செல்லத்தாய் வீட்டுச் சாக்கையும் எடுத்துக் கொடுத்தாள். பொசுங்கின செடிகளில் பழைய இலைகள் உதிர்ந்து, நுனியில் புதுசாக ஒரு ஜோடி விட்டிருந்தது, மாவு தூவினாற்போல.

செந்தில்முருகன் பேச்சுவாக்கில் அந்த இளம் இலையில் பெருவிரலை வைத்துத் தேய்க்கப் போனான்.

கம்புக்கு இந்தப் பக்கமே நின்றிருந்த வெள்ளத்துரை கனைத்தார். "தம்பி, பூவ மட்டும் எடு. சரக்குல கைய வைக்காத."

செல்லத்தாய் குனிந்து சாக்கின் வாயைக் கட்டினாள். உடனே நிமிரவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்றிருந்தாள்.