கோட்டைக் கால்வாயில் கட்டிய வலை

“புத்தி இல்லன்னா பேரு, ஊரு எல்லாம் எப்பிடி சரியா சொல்றான்? அத்த சொல்லு மொதல்ல.”

கிழவருக்குப் புத்தி பிசகு என்று சொன்ன குப்பம்மாளைக் கோட்டையின் மொழிபெயர்ப்பாளன், துபாசி தாமோதரன், இப்படி மடக்கினான். அவளுடைய மாமனார் சடையன் பழவேற்காட்டில் டச்சுக்கார ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்கு எதிரே மணலில் குந்தியிருந்தார், கைகள் பின்னால் கட்டப்பட்டு. ஒல்லாந்தர் படகுகள் வந்துபோகும் கால்வாயில் கழி நட்டு வலை கட்டியவரைச் சிப்பாய்கள் கையும் வலையுமாகப் பிடித்திருந்தார்கள். ஒல்லாந்தருக்குப் பகையான மயிலாப்பூர்ப் போர்த்துகீசியப் பறங்கிகளுக்கு வேவு பார்க்க வந்தவன் என்பது அவர்கள் கட்சி. துபாசி உள்ளே போய் வெள்ளைக்காரத் துரையிடம் என்ன சொல்வான் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தெளிந்த புத்தியோடு செய்தான் என்றால் கசையடி. அந்த எலும்புக் கூட்டுக்கு நாலு அடி போதும்.

ஆனால் சடையனுக்கு வேவும் தெரியாது, பறங்கியும் தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்குத் தெருவாரியாக முறை உண்டு. பாடு என்பார்கள். வாடைக்காற்று கிளம்பினால் கால்வாய்ப் பாடு சடையன் தெருவுக்கு. அதெல்லாம் கோட்டை எழும்புவதற்கு முன்னால். கோட்டை வந்தது, கால்வாய் ஒல்லாந்தர் கைக்குப் போனது, ஊர்க்காரர்கள் முறையைக் கலைத்துப் புதிதாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் புது முறை சடையன் நினைவிலிருந்து கழன்றுவிட்டது. இன்று காலை வாடை முதுகில் பட்டதும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“உன் அப்பன் பேரு?” துபாசி மறுபடி சோதித்தான்.

“தசரதன். மூணு படகு வெச்சிருந்தாரு. உன்ன யாருன்னு தெரிலயே?”

“பாத்தியா! இவனா மறதிக்காரன்?” சிப்பாய்கள் சிரித்தார்கள்.

குப்பம்மாளின் புருஷன் நாகப்பன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாமனாரின் உதட்டை. வெடித்துக் காய்ந்திருந்தது. இவருக்குப் பழசெல்லாம் கல்வெட்டு, புதுசுதான் ஒட்டாது என்பது கூடவே இருந்து பார்ப்பவளுக்குத் தெரியும். இவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

“ஐயா, கட்ட அவுத்து வுடுங்க. கூழு குடிக்கட்டும்.”

“இன்னா, விருந்தா?”

“எல்லாரும் பாக்கட்டும் ஐயா. அதுக்குத்தான்.”

கட்டு அவிழ்ந்தது. குப்பம்மாள் கொண்டுவந்திருந்த கூழ்ச் சட்டியைச் சடையன் வழித்து வழித்துக் குடித்தார். கருவாட்டில் உப்பு தூக்கல் என்று குறையும் சொன்னார். குப்பம்மாள் சட்டியைத் தன் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, வலை அறுந்ததைப் பற்றி, நண்டு விலையைப் பற்றி ஏதேதோ கேட்டாள். துபாசி பல்லைக் கடித்தான். அவள் கிழவரின் முகத்தைப் பார்த்தாள். சில நாள் தெளிவாகக்கூட இருப்பார். இன்று அப்படி இருந்துவிட்டால்?

“மாமா, சாப்ட்டீங்களா?”

சடையனின் கண் கலங்கிவிட்டது. துபாசியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “பெரிய மனுசன் மாறி கீறீங்க, நீங்களே கேளுங்க ஐயா. நேத்துலேர்ந்து ஒரு வாய் கூழு ஊத்தல. யாரு வூட்டுப் பொண்ணோ, என்ன பட்டினி போட்டே சாவடிக்குது!”

தாடியில் கூழ் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு சிப்பாய் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். துபாசி துரையிடம் சொல்ல உள்ளே போனான்.

திரும்பி வந்தவன் கையில் சங்கிலி இருந்தது.

“அடி இல்ல. ஆனா கால்வாய்ல இன்னொரு வாட்டி கண்டா சுட்டுடுவாங்க. வூட்டுல கட்டிப் போடு.”

“கட்டிடறோம் ஐயா.” நாகப்பன் பாய்ந்து வாங்கிக்கொண்டான்.

“கட்டாத,” என்றாள் குப்பம்மாள். “போன மழைல கதவ சாத்தி வெச்சதுக்கே செவுத்துல மண்டைய மோதிக்கினாரு. மறந்துட்டியா?”

“குண்டு வுடுவான்டி! நைனா செத்தா பரவால்லியா?”

“வாடை அடிக்கிற நாள்ல நான் இட்டுகினு போறேன். மேக்குக் கரைல இப்ப நமக்கு வுட்ட பாடு எடத்துல குந்த வெச்சி கழிய கைல குடுக்கறேன். அவுரு தேடுறது அதான்.”

“வயித்துல புள்ளய வெச்சிகினு எத்தினி நாள் ஓடுவ அவுரு பின்னால? நீ கண்ண மூடுற நேரம் ஒண்ணு போதும்!”

சடையன் அதற்குள் எழுந்து கால்வாயைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். குப்பம்மாள் ஓடிப்போய் இழுக்கவில்லை, தடுக்கவில்லை. பக்கத்தில் போய்க் கையைக் கோத்து நாலு அடி அவர் போக்கிலேயே நடந்து, மெல்ல மேற்குக் கரைப் பக்கம் திருப்பினாள். அவரும் திரும்பினார். நாகப்பன் சங்கிலியைக் கீழே போடாமல் பின்னாலேயே போனான்.

வாடையோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அவள் சொன்னது சரிதான், ஆனால் அவன் பயமும் பொய்யில்லையே! நீங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், கட்டிப் போட்டிருப்பீர்களா, கூடவே நடந்திருப்பீர்களா? சொல்லுங்களேன்!