காய்ச்சல், அதனாலதான் வந்தா

ஆங்கில டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் நான்காம் வகுப்பை விளையாட்டு வாத்தியார் தலையில் கட்டிவிட்டார்கள். மைதானத்தில் ஒரு அதட்டலில் பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிறுத்திவிடுவார். இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து நிறுத்துவதென்றால்தான் அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

அன்றைக்கு இணைப்புச் சொற்கள். கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டார். அவளுக்குக் காய்ச்சல். அவள் பள்ளிக்கு வந்தாள்.

"அண்ட், பட், பிகாஸ். எதைப் போட்டுச் சேர்க்கலாம்?"

"பட்!" என்று வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு கை உயர்ந்தது. வாயே திறக்காத பெண். வாயில் பஞ்சை அடைத்ததுபோல் இருப்பதால் பிள்ளைகள் அவளைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள்.

"பிகாஸ் சார். காய்ச்சல், அதனாலதான் வந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "காய்ச்சல்னா வீட்ல படுக்கணும்மா."

"வீட்ல யாரும் இல்ல சார். அம்மா லாண்டரி வேலைக்குப் போயிடும். தனியா கிடந்து ஏதாவது ஆயிட்டா? இங்கன்னா நீங்கல்லாம் இருக்கீங்க."

அருகே போய் நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

அவளைத் தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனார். அவர் இணங்கவில்லை. "உடனே வீட்டுக்கு அனுப்புங்க சார். நாலு பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?"

"ஒரு ஓரமாப் படுக்கட்டும் மேடம். நான் பார்த்துக்கறேன்."

"உங்க கிளாஸை யாரு பார்ப்பா?"

வேறு வழியில்லாமல் வாத்தியார் லாண்டரிக்கு போன் போட்டார்.

அம்மாக்காரி ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள். விரல்களெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. தன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது வாத்தியாருக்கு.

"காலையிலேயே தெரியும் சார். மாத்திரை குடுத்துத்தான் அனுப்பினேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு நினைச்சேன்."

"நான் சொல்லிப் பார்த்தேன்மா..."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க."

"நான்தாம்மா உளறிட்டேன்," என்றாள் பெண். தாய் அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?"

"வேலைக்குத்தான். அழுக்கு மூட்டைங்களுக்குப் பின்னால படுக்க வைக்கணும். சூப்பர்வைசர் கண்ணுல படாம இருக்கணும்."

பெண் அம்மாவின் இடுப்பில் சாய்ந்தபடியே நடந்தாள். காவலாளி கேட்டைச் சாத்தினார். மாடியில் நான்காம் வகுப்பு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது. போய் அடக்கவேண்டியவர், கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றார்.