ஒன்பதாம் கட்டில் நோயாளி

எங்கள் தெரு ஜெபக்கனி, தான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஒன்பதாம் கட்டில் நோயாளியாகச் சேர்ந்துவிட்டாள். வேலையையும் விடவில்லை. ஒன்பதாம் கட்டில் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். மாற்று நர்ஸ் வந்து வார்டை ஏற்றுக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. மாற்று நர்ஸ் வந்துகொண்டுதான் இருந்தாள். வராந்தாவின் கோடியில் தெரிந்தாள். கையைக்கூட ஆட்டினாள். அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. மதியம் அவள் வழியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தது.

ஜெபக்கனி காலிக் கட்டிலில் முதுகைச் சாய்த்தாள். ஒரு நிமிஷந்தான். அதற்குள் மேட்ரன் வந்து அவள் மணிக்கட்டில் நோயாளிச் சீட்டைக் கட்டிவிட்டார்.

"மேடம், நான் ஸ்டாஃபு."

"படுத்திருக்கியே."

"அசதியா இருந்துச்சு."

"எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் வந்து சேருதாவ."

டாக்டர் வந்து நாடி பார்த்தார். "மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினா வீட்டுக்கு அனுப்பிரலாம். தூங்குறாங்களான்னு கால் மணிக்கு ஒருக்கா பாத்துக்கோங்க, சிஸ்டர்."

"சரி டாக்டர்," என்றாள் ஜெபக்கனி, படுத்தபடியே. வீடு என்ற சொல்லிலேயே அவளுக்குக் கண் சொருகியது.

வியாதி என்னவென்று தெரியாமல் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கும்பலாகப் போனோம். சும்மா ஒன்றும் போகவில்லை.

"என்னத்துக்குட்டி சேத்திருக்கு?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

"தூங்கதுக்குக்கா."

"அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? நாங்கள்லாம் வீட்டுலயே தூங்குதோம்."

ஜெபக்கனி எழுந்து நின்று, "பேஷண்டைத் தொந்தரவு பண்ணக் கூடாது, கிளம்புங்க," என்று எங்களை வெளியே அனுப்பினாள். குரலில் அப்படி ஒரு கண்டிப்பு. பிறகு படுத்துக் கண்ணை மூடினாள்.

கால் மணி ஆனது. நோயாளி தூங்குகிறாளா என்று பார்க்க எழுந்தாள். கட்டில் காலியாக இருந்தது. குனிந்து அடியிலும் பார்த்தாள். மேட்ரனிடம் ஓடினாள்.

"ஒன்பதாம் பெட்டு பேஷண்டைக் காணோம், மேடம்."

"தொலைச்சிட்டியாக்கும்?"

"இப்பத்தான் படுத்திருந்தா."

"தேடு. அவ கிடைக்கிற வரைக்கும் நீ வீட்டுக்குப் போக முடியாது."

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் துரைப்பழம் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார். மில்லில் வேலை. அவர் வீட்டில் இருக்கும்போது அவள் டியூட்டியில் இருப்பாள், இல்லையென்றால் தூங்குவாள். விழித்திருக்கும் மனைவியை அந்த மனிதர் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

"சிஸ்டர், இங்க ஜெபக்கனின்னு ஒரு பேஷண்ட்..."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரரு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மீசை நரைத்திருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"ஆள் எப்படி இருப்பாவ?"

அவர் யோசித்தார். "கண்ணு மூடியிருக்கும்."

"தேடிக்கிட்டுதான் இருக்கோம், அண்ணாச்சி."

"சோறு கொண்டாந்தேன்."

"வச்சிட்டுப் போங்க. கிடைச்சதும் குடுத்திருதேன்."

சட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கிடைச்சா எழுப்பிராதீங்க, சிஸ்டர்."

"எழுப்ப மாட்டேன்," என்றாள் ஜெபக்கனி. அடுத்த வார்டில் தேடப் போனாள்.