குதிகாலுக்கு மெத்தை

குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. கைவண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் வேறென்ன பெயர் விழும்? கம்பெனி கொடுத்த பூட்ஸ் புதுசு. முனையில் இரும்புத் தகடு வைத்தது. குதிகால் தோல் உரிந்துவிட்டது. விரல் நுனிகள் இரும்பில் இடித்து இடித்துச் சிவந்திருந்தன. வெறுங்காலோடு சித்தாள் வேலை பார்த்தவள் அவள். ஆணி குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்த கால், பூட்ஸுக்குள் போனதும் புதுமாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டது.

"நொண்டுற ஆள் கையில வண்டிய குடுக்க மாட்டேன்" என்றார் சூப்பர்வைசர். "பெட்டி சரிஞ்சா அடுத்தவன் கால்லதான் விழும். நாளையோட உனக்கு டிரையல் முடியுது. நேரா நடந்து காட்டு. இல்லேன்னா வேற வேலை பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வேற வேலை எங்கே இருக்கிறது? புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருக்கிறான். இந்தச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"சின்ன சைஸ குடுத்துட்டாங்கம்மா, வேறொண்ணுமில்ல. பிளாஸ்டிக் பையில தண்ணி ஊத்தி, முடிச்சுப் போட்டு, பூட்ஸுக்குள்ள திணிச்சு உறைய வை. ஐஸாகும்போது தண்ணி வீங்கும், பூட்ஸும் கூடவே விரியும். என் பொண்டாட்டி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயே பண்ணுவா."

"எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லியேண்ணே."

"ஃப்ரிட்ஜ் எதுக்கு? இவ்வளவு பெரிய ஃப்ரீசர வெச்சுக்கிட்டு!"

வீட்டு ஃப்ரிட்ஜுக்கே விரியுமென்றால் கிடங்கின் குளிருக்கு எவ்வளவு விரியும்! அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பூட்ஸையும் மீன் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, செருப்போடு வீட்டுக்குப் போனாள்.

காலையில் எடுத்தபோது இரண்டும் கருங்கல்லாக இருந்தன. பை வெடித்து, தண்ணீர் பூட்ஸின் உள்பஞ்சு, துணி எல்லாவற்றிலும் இறங்கி ஒரே கட்டியாக உறைந்திருந்தது. கயிற்றைக்கூட அவிழ்க்க முடியவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு மூஞ்சி செத்துவிட்டது. ஓடிப்போய், அப்போதுதான் வந்து நின்ற லாரியின் சூடான எஞ்சின் மேல் இரண்டையும் வைத்தார்.

"யோவ், என் வண்டி என்ன அடுப்பா?" என்று லாரிக்காரன் கத்தினான்.

"ரெண்டு நிமிஷம் பொறுப்பா. ஒரு குடும்பம் பொழைக்கட்டும்."

சத்தம் கேட்டு பேக்கிங் பக்கமிருந்து அண்ணி வந்தாள். புருஷனுடைய அக்கா. சூப்பர்வைசரிடம் வாதாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள்.

"உங்க ரெண்டு பேரு மூளையையும் சேத்து அந்த ஃப்ரீசர்ல வெச்சிட்டீங்களா?" ஐஸைத் தட்டிக் கொட்டிவிட்டு, ஈர பூட்ஸுக்குள் அவள் காலை நுழைக்கச் சொன்னாள். குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டாள். இரண்டு விரல் தாராளமாகப் போனது. "அடி கூறுகெட்டவளே, இது சின்னதா? பெருசுடி! ஆம்பளைங்க சைஸு. நடக்கிறப்ப கால் முன்னால வழுக்கி இரும்புல இடிக்குது, பின்னால தேச்சு உரிக்குது. விரிக்கக் கூடாது, அடைக்கணும்."

சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து மாதவிலக்கு நாப்கின் பொட்டலத்தை எடுத்தாள். ஒன்றைப் பிரித்து, பசைப் பக்கம் கீழே வரும்படி பூட்ஸின் அடியில் ஒட்டினாள். இன்னொன்றைப் பாதியாக வெட்டிக் குதிகாலில் ஒட்டினாள். அடுத்த பூட்ஸுக்கும் அப்படியே. ஃபோர்க்லிஃப்ட்காரர் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

"என்னய்யா மேல பாக்குற? ஈரத்த இத விட எது உறிஞ்சும்?"

பாத்ரூமில் கிடந்த காய்ந்த சோப்புத் துண்டை எடுத்துவந்து உரிந்த இடத்தைச் சுற்றி மெல்லத் தடவினாள். புண்ணின் மேல் டேப் ஒட்டினாள். கடைசியாகக் குனிந்து தன் சாக்ஸைக் கழற்றினாள்.

"உன்னோடதுக்கு மேல இதையும் போடு."

"அண்ணி, உங்களுக்கு? அங்க தரையெல்லாம் ஐஸ் தண்ணியா நிக்குமே..."

"நான் என்ன வண்டியா இழுக்கப் போறேன்? போடுடி, அவர் வர்றாரு."

சூப்பர்வைசர் வந்து நின்றார். அவள் வண்டியில் பெட்டிகளை அடுக்கி, சரிவில் இழுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். வலி இல்லாமல் இல்லை. ஆனால் கால் நழுவவில்லை. பல்லைக் கடிக்காமலே நேராக நடக்க முடிந்தது. சாயங்காலம், "திங்கக்கெழமையிலேர்ந்து காலை ஷிஃப்ட்டு" என்றார். அவ்வளவுதான்.

அவள் நேரே பேக்கிங் பக்கம் போனாள். அண்ணி ஒரு காலிப்பெட்டி மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதம் வெளுத்து ஊறிக் கிடந்தது. விரல்கள் மடங்க மறுத்தன.

"என்ன சொன்னாரு?"

"காலை ஷிஃப்ட்டாம்."

"அப்பாடா. தம்பிகிட்ட நீயே சொல்லு, சந்தோஷப்படுவான்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அண்ணியின் இரண்டு பாதங்களையும் இழுத்து மடியில் வைத்து, முந்தானையால் மூடித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடுடி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் அண்ணி. நல்லாப் பாக்கட்டும்."