நாவலடிக் குளத்துக்கு மேலே

சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில், உடையார்கட்டுக்குக் கிழக்கே இருக்கும் நாவலடிக் குளத்து மீன்கள் தண்ணீரை விட்டு வெளியேறி, ஒரு பனை உயரத்தில் நீந்தத் தொடங்கின. முதலில் போனது விரால். தலையை நீட்டிக் காற்றுக் குடித்துப் பழகிய மீன் அது. அதைப் பார்த்துக் கெளிறும் திலாப்பியாவும் பின்னால் போயின. குளத்துக் கூனிறாலும் தும்பிகளும் இரண்டு வருடங்களுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தன. அவை சிறியவை என்பதால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. குளத்தின் மேல்விளிம்பான அலைகரையில் இருந்த தோட்டங்களின் உரமும் பூச்சிமருந்தும் இறங்கி, தண்ணீர் பச்சையாகத் தடித்திருந்தது. பாசி இரவு முழுவதும் குளத்தின் மூச்சை இழுத்தது. விடியும்போது மீன்களுக்கு மிச்சம் இருக்கவில்லை.

முதல் நாள் ஊர் முழுவதும் குளக்கட்டில் நின்று பார்த்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் மீன்களின் நிழலில் உடுப்புக் காயப்போடாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். லொறி ரியூப்பில் மிதந்து அந்தக் குளத்தில் வலை போடும் கஜேந்தினிக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு வேறு தொழில் இல்லை. இன்னும் பத்து நாளில் சோளகக் காற்றுத் தொடங்கும், தொடங்கினால் மீன்களெல்லாம் காற்றோடு முல்லைத்தீவுக் கடலுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் மீன் வாங்கி மோட்டார் சைக்கிளில் விற்கும் மஸாஹிர் வெறும் பெட்டியோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வலைய மேல வீசிப் பாத்தியா தங்கச்சி?"

"வீசினால் நீங்கள் வாங்குவியளோ நானா?"

"அதுதான் யோசிக்கிறன். மீனெண்டா அப்பிடியே திங்கலாம். பறவையெண்டா அறுக்கணும். இது எதெண்டு எங்கட மௌலவிக்கும் தெரியல்ல."

அன்று பின்னேரம் கஜேந்தினி அலைகரைக்குப் போனாள். அங்கே பாகற்பந்தல் போட்டிருந்த ஏரம்பு, மருந்தடிக்கும் மெசினைக் குளத்தில் அமிழ்த்திக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதுக்கை கழுவாதேங்கோ. தண்ணி நல்லா வந்தால் அதுகள் இறங்கும்."

"இடம்பெயர்ந்த காலத்தை விட்டால் முப்பது வருசமா இஞ்சைதான் கழுவுறன். அப்ப பறக்காத மீன் இப்ப ஏன் பறக்குது? உங்கடை மீன்பிடிச் சங்கம் நல்ல குஞ்சா வாங்கி விடேல்லைப் போல."

"இவ்வளவு மருந்தும் எங்கை போகுதெண்டு நினைக்கிறியள்?"

"குளம் பெரிசு பிள்ளை. ஒரு மெசின் தண்ணி அதை என்ன செய்யும்?"

அலைகரையில் பதினேழு பேர் மெசின் கழுவினார்கள். பதினேழு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வெயில் ஏறியதும் மீன்கள் நிழல் தேடித் தாழ இறங்குவது வழக்கமாகியிருந்தது. ஒரு தாய் விரால் தன் சிவந்த குஞ்சுகளை ஒரு பந்துபோலத் திரட்டிக்கொண்டு ஏரம்புவின் பந்தலுக்குக் கீழே வந்து தங்கியது. அவர் அதற்குத் தலை இடிக்காமல் குனிந்து நடந்தார். மூன்றாம் நாள், பூச்சி விழுந்திருந்ததால், பந்தலின் மறு அந்தத்தில் நின்று மருந்தடித்தார். மருந்துப் புகைமூட்டம் மெல்லப் பரவிவந்து குஞ்சுப் பந்தைத் தொட்டது. சிவப்பு வெளிறியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக, மாம்பூ உதிர்வதுபோல, இலைகளின் மேல் விழுந்தன. தாய் மீன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு அவருடைய முகத்துக்கு நேரே வந்து நின்றது. முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் நடந்ததை ஏரம்பு அன்றுதான் பார்த்தார். மெசினை இறக்கி வைத்தார். குஞ்சுகளைப் பொறுக்கிச் சாரத்தில் கட்டிக்கொண்டு கஜேந்தினியின் வீட்டுக்குப் போனார்.

"இதுகள் என்னத்தாலை செத்ததெண்டு எனக்குத் தெரியும்," என்றார். "மிச்சத்தைக் காத்து அள்ளிக்கொண்டு போகாமல் மறிக்கவேணும். உன்னட்டை எவ்வளவு வலை கிடக்கு?"

அவளிடம் இருந்த வலை போதவில்லை. மஸாஹிர் முல்லைத்தீவிலிருந்து பழைய கரைவலை ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டின் மேல் நிற்கும் மருதமரங்களுக்கிடையே அவற்றை விரித்துக் கட்டி முடித்த மறுநாள் சோளகம் எழும்பியது. நாலு மாதம் அது வீசியது. மீன்கள் காற்றுக்கு முகம் கொடுத்து, வலையில் வாலைச் சாய்த்து நின்றன. கஜேந்தினி அந்த நாலு மாதமும் கூலிக்குக் களை பிடுங்கினாள், குளக்கட்டு வழியே போகும்போது மேலே பார்த்துக்கொண்டு போனாள். ஏரம்பு பந்தலைப் பிடுங்கினார். மற்றப் பதினாறு பேரையும் அவரே வீடு வீடாகப் போய்க் கதைத்து, ஏசி, இணங்க வைத்தார். அலைகரையில் கோரையும் ஆம்பலும் வளர்ந்தன. பாசியை அள்ளி அள்ளிக் கரையில் போட்டார்கள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மீன்கள் மழைக்குள்ளால் நீந்தி இறங்கின. தாய் விரால் கடைசியாக வந்தது. தண்ணீரை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கஜேந்தினி ரியூப்பை உருட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

அடுத்த வருடச் சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி தீர்மானிக்கப்பட்டது. மெசின்களை மேட்டுநிலத்தில் வெட்டிய கிடங்கருகே மட்டும் கழுவுவது என்று முடிவாயிற்று. பாசி கூடும் நாட்களில் விடியும் நேரம் மீன்கள் மேலே வந்து போகும் என்பதால், குளத்துக்குக் குறுக்கே மின்கம்பி இழுக்க இடம் கொடுப்பதில்லை என்று கஜேந்தினி பிரேரித்தாள். ஏரம்பு வழிமொழிந்தார். செயலாளர் அதை எழுதிக்கொண்டார். பிறகு கட்டாக்காலியாய்த் திரியும் மாடுகளைப் பற்றி வெகுநேரம் வாக்குவாதப்பட்டார்கள்.