செவிட்டு மாப்பிள்ளைகளின் சபை

"ஏட்டி, உனக்க தொண்டையில சத்தம் உண்டா இல்லியா?"

பதினொன்றாம் வகுப்பில், பதில் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் எழுந்து நின்ற ஜினிஷாவிடம் செல்வதாஸ் சார் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மா தேவகனி அடித்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். பாய் சுருட்டிவைத்த மூலையில் உட்கார்ந்தவளை அசைக்க முடியவில்லை.

இரண்டு வருஷமாயிற்று. இப்போது மார்த்தாண்டத்தில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் கடையில் வேலை. அங்கே பேச வேண்டியதில்லை. சுற்று தப்பாமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு சர்ச் பெருக்கப் போவாள். தேவகனிதான் அந்தச் சபையின் துப்புரவுக்காரி. மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் ஒருநாள் அந்த இரண்டையும் ஜினிஷா பார்த்தாள். பழைய கோளாம்பிகள். வாய் அகன்ற தகர ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். சாதாரணக் கோளாம்பியும் அல்ல. ஒரு பிள்ளை உள்ளே சுருண்டு படுக்கலாம், அவ்வளவு பெரியவை. முன்பு பலிபீடத்தின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தவை. பதினைந்து வருஷத்துக்கு முன் புதிய ஒலிப்பெட்டிகள் வந்ததும் இறக்கிப் போட்டுவிட்டார்கள்.

இறக்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. அந்தக் கோளாம்பிக் காலத்தில் சபைக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. இங்கே கல்யாணம் செய்கிற மாப்பிள்ளைகள் எல்லாரும் செவிடு என்பார்கள். மணமக்களுக்கு, பெஞ்சு வரிசைகளுக்கு இடையே உள்ள நடுவழியில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். ஓரத்துப் பிரசங்க பீடத்திலிருந்து போதகர் மைக்கில் "எழுந்து நில்லுங்கள்" என்பார். சபை முழுதும் கேட்கும், மாப்பிள்ளை மட்டும் அசையமாட்டான். பெண் அசையாததை வெட்கம் என்பார்கள். பக்கத்தில் நிற்பவன் இடித்து எழுப்ப வேண்டும். செல்வதாஸ் சார் கல்யாணத்தில் அவருடைய தம்பி கொஞ்சம் பலமாகக் கிள்ளிவிட்டான். சார் துள்ளி எழுந்து "ஆமென்" என்று அலறினார். இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அந்த ஆமென் பரிமாறப்படும்.

ஜினிஷா யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவிடம் சாவி இருந்தது, அது போதும். கோளாம்பியின் தொண்டைக்குள் இருந்த குளவிக்கூட்டைக் குச்சியால் தட்டி எடுத்தாள். துருவைத் தேய்த்தாள். பின்னால் மாட்டுகிற, சத்தம் எழுப்பும் யூனிட்டுகளில் வலது பக்கத்தது எரிந்துபோயிருந்தது. அதன் காந்த இடுக்கில் ஒட்டியிருந்த இரும்புத்தூளை ஒட்டுநாடாவை மடித்து உள்ளே விட்டு எடுத்தாள். முடியைவிட மெல்லிய கம்பியால் புதுக் காயில் சுற்றினாள். நான்கு மாதம், சனிக்கிழமை சனிக்கிழமையாக.

செருப்புப் பெட்டி அளவு ஆம்பிளிஃபையர் ஒன்றை வைத்து, வலது கோளாம்பியை முதன்முதலாகப் பாடவிட்ட மத்தியானம் அம்மா தண்ணீர் கோரப் போயிருந்தாள். போனில் இருந்தது அம்மாவின் பாட்டுதான். பெருக்கும்போது தனக்குத்தானே பாடுவதை ஜினிஷா தெரியாமல் பதிந்து வைத்திருந்தாள். பாடகர் குழுவுக்கு ஒருநாளும் யாரும் கூப்பிடாத குரல். அது தகரத் தொண்டை வழியாக வந்தபோது அம்மா எதிரே நிற்பது போலவே இருந்தது. இரண்டு வரிக்கு நடுவே மூச்சு இழுப்பது, துடைப்பம் தரையில் உரசுவது, கடைசியில் ஒரு சின்னச் செருமல். ஜினிஷா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஏழு தடவை கேட்டாள்.

இரண்டையும் பலிபீடத்தின் இரு பக்கமும் வைத்துச் சேர்த்துப் பாடவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் நின்றால் பாட்டு மெலிந்துபோய், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கரைந்தது. யூனிட்டின் பின்மூடியைத் திறந்து, விரல் நுனியை அதிரும் மெல்லிய சவ்வின் மேல் வைத்து, டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். வலதுபக்கத்தது விரலை வெளியே தள்ளியது. இடதுபக்கத்தது உள்ளே இழுத்தது. என்றைக்கோ ரிப்பேர் செய்த ஒருவர் உள்ளே கம்பியை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒன்று தள்ள ஒன்று இழுக்க, நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பழைய ஈயப்பற்றைத் தொட்டால் கம்பி அறுந்துவிடும். அதனால் வெளியே, இடது யூனிட்டில் மட்டும், கறுப்பு முனையில் சிவப்புக் கம்பியை மாட்டினாள்.

அந்த வாரமே பிடிபட்டுவிட்டாள். செல்வதாஸ் சார்தான் இப்போது சபைச் செயலாளர். சாமான் அறையைக் காலிசெய்ய, பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் வண்டிக்குச் சொல்லியாயிற்று, சபைச் சொத்தில் கைவைக்க இவள் யார் என்று தேவகனியைச் சத்தம்போட்டார். தேவகனி கெஞ்சினாள். அவர் மனமிரங்கி ஒரு பாட்டு அனுமதித்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு, வண்டி வந்து நிற்கும்போதே. நன்றாக இல்லையென்றால் அப்படியே ஏற்றிவிடுவது.

"விடு மக்கா, தகரம்தானே" என்றாள் அம்மா அன்றிரவு. ஜினிஷா மறுநாள் கோளாம்பிகளுக்கு வெள்ளி வர்ணம் வாங்கிவந்தாள்.

சனிக்கிழமை சார் முன்னாடியே வந்து கோளாம்பிகளைச் சுற்றிப் பார்த்தார். இடதுபக்கத்தில் குனிந்தவர் நிமிர்ந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது.

"கறுப்புல சிவப்பு. படிப்ப பாதியில விட்டா இப்பிடித்தான் இருக்கும்."

ஸ்குரு டிரைவரை எடுத்து அவரே கம்பியை மாற்றி மாட்டினார். ஜினிஷா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பாட்டு தொடங்கியது. பாடகர் குழுவின் பெமிலா அக்காவும் வந்திருந்தாள். நடுவழியில் நடந்துவந்தவள் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"சாரே, இஞ்ச ஒண்ணும் தெளியல்ல. எனக்கும் கல்யாணம் ஆவப்போவுதோ?"

சார் கை காட்டினார். வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கயிற்றோடு வந்தார்கள். வலது கோளாம்பியின் கழுத்தில் முடிச்சு விழுந்தது. அதைப் பார்த்த ஜினிஷா தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு நேராக நடந்துபோய் அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"சாரே."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

"அந்தப் பக்கம் நான் தெரியாம மாட்டல்ல. தெரிஞ்சுதான் மாட்டுனேன். சாரு மாத்துனத நான் இனி மாத்தப்போறேன். பெமிலாக்கா நிக்கிய எடத்துல வந்து நில்லுங்க."

"கூடுதல் பறையாத" என்று சார் அவள் பேச்சை வெட்டினார்.

"ரெண்டு வருசமா பறயல்ல சாரே. ஒரு பாட்டு தாறேன்னு சொன்னிய. பாட்டு இன்னும் தீரல்ல. வந்து நில்லுங்க."

பெமிலா அக்கா நகர்ந்து இடம்விட்டாள். வண்டிக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். சார் வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் அவருடைய நாற்காலி கிடந்த இடத்தில்.

ஜினிஷா கம்பியை மாற்றினாள். திருகினாள்.

தேவகனியின் குரல் இரண்டு பக்கமும் கிளம்பி, நடுவில் வந்து ஒன்றாகி எழுந்து நின்றது. பலிபீடத்தின் முன்னால் ஒருத்தி நின்று பாடுவது போலிருந்தது. வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றிருந்த தேவகனி தன் குரல்தானா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு இழுப்பது கேட்டது. துடைப்பம் உரசுவது கேட்டது. பெமிலா அக்கா மெல்ல ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கடைசிச் செருமலும் ஓய்ந்த பிறகு ஜினிஷா சொன்னாள்.

"இந்தச் சபையில ஒரு மாப்பிள்ளையும் செவிடில்ல சாரே. உங்களுக்கும் செவி கேக்கும். ஒரு கம்பி மாறிக் கெடந்துது, அவ்வளவுதான்."

செல்வதாஸ் சாரின் கை தானாக அவிழ்ந்தது. அவர் இடது கோளாம்பியைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்து ஆமென் அதற்குள் இருப்பதுபோல நெடுநேரம் பார்த்தார்.

வண்டிக்காரர் கேட்டார்: "ஏத்தணுமா சாரே?"

"ஏத்தண்டாம்" என்று சொன்னது ஜினிஷா. குனிந்து, தகரத்தின் கழுத்தில் கிடந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அதே பாட்டை மறுபடியும் போட்டாள்.

சார் நடுவழியில் திரும்பி நடந்தார். வாசலில் தேவகனி விலகி வழிவிட்டாள். அவர் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.