பெற்றுக்கொண்டேன்

நாகமுத்துவின் தகரக் கொட்டகைக் கடை வாசலில் மாட்டியிருந்த பலகையில் தன் பெயர் இருக்கிறது என்று கமலாட்சிக்குத் தெரியவே மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் அவள் அதற்கு அடியில் நின்றுதான் பருப்பும் மண்ணெண்ணெயும் வாங்கினாள். கறுப்புப் பலகை, வெள்ளைப் பெயிண்ட், கொழுத்த அழகான எழுத்து. ஏதோ புதுச் சரக்கு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் போர்ட் பிளேயரில் மின்னி பே பக்கம் பிறந்து வளர்ந்தவள். கொள்ளுத்தாத்தா கைதியாகக் கப்பலேறி வந்த குடும்பம். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது உருதுவும் இந்தியும். தமிழ் எழுத்தைப் பார்ப்பாள், படிக்கத் தெரியாது.

கம்பவுண்டர் பெண்டாட்டி மங்கையர்க்கரசிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். அதுவும் கமலாட்சியிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியைத் திரும்ப வாங்கிப்போக வந்த இடத்தில், வேறு வழியில்லாமல்.

"அந்தப் பலகையில என்னக்கா எழுதிருக்கு? ஸப் லோக், எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

மங்கையர்க்கரசி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பார்சலை வாங்கிக்கொண்டு வரவில்லை என்று சொல்பவர்கள், இவர்களுக்கு இனிச் சரக்கு கிடையாதுன்னு போட்டிருக்குடி. கீழ உன் பேரு."

"வேற யாரு பேரு?"

"உன் பேரு மட்டுந்தான்."

ஒரே ஒருத்திக்கு 'இவர்கள்' என்று மரியாதை வேறு.

பலகையைத் தன் கையாலேயே எழுதி அனுப்பிய புண்ணியவான் சொக்கலிங்கம். போர்ட் பிளேயர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இந்தத் தீவில், ஹட் பேயில், காட்டை வெட்டி ஜனங்களைக் குடியேற்றிய பிறகு, இங்கே ஒரு கடை போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, இந்தப் பஞ்சப் பரதேசிகளை நம்பியா என்று கேட்டவர். அதனால் அச்சடித்த பட்டியல் மட்டும் கப்பலில் வரும். வேண்டியதைக் குறித்து, முன்பணம் கட்டினால் அடுத்த கப்பலில் பார்சல். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நின்றுவிடும். சரக்கைச் சின்னப் படகில் இறக்கி, அலை பார்த்துக் கொண்டுவர வேண்டும். போன மாதம் மழைக்கடலில் அப்படி இறக்கும்போது இரண்டு மூட்டை தண்ணீரில் போயிற்று. பாதி ஹட் பே கரையில் நின்று பார்த்தது. சிலர் 'அய்யோ' என்று கைகூடத் தட்டினார்கள். அதில் ஒரு மூட்டைக்குள் கமலாட்சியின் பார்சல் இருந்தது, பன்னிரண்டு ரவிக்கைத் துண்டு. பார்சல் வரவில்லை, வேறு அனுப்புங்கள் என்று இந்தியில் கடிதம் போட்டாள். பதிலுக்குப் பலகை வந்தது.

அதன் பிறகு துணியைத் திரும்பக் கேட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்திக்கு நாத்தனார் தையல் பழகுகிறாளாம். ஒருத்திக்குத் திடீரென்று அந்தக் கலர் பிடிக்கவில்லை. கிழங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி, "சும்மா ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டுத் தரேன்" என்றாள். துணியை ஒரு நாள் வைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? தையல்காரியிடம் துணி கொடுப்பது அவள் பெயரை நம்பித்தான். கால்முழம் அடித்துக்கொண்டாள் என்ற சொல் ஒருமுறை ஒட்டினால், அப்புறம் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கமலாட்சிக்கு அழுகை வரவில்லை, அருவருப்பு வந்தது. இவர்கள் எல்லோரும் கரையில் நின்றவர்கள். கண்ணால் கண்டது கடலோடு போயிற்று, சொக்கலிங்கம் எழுதியது வேதமாயிற்று.

அடுத்த கப்பலில் சொக்கலிங்கமே வந்தார். நாகமுத்துவின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, இளநீர் உப்புக் கரிக்கிறது, காற்று நாறுகிறது, ஜனங்கள் சரியில்லை என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியல் வாங்க வந்த கூட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. கமலாட்சி மங்கையர்க்கரசியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"முதலாளி, என் பேரைப் பலகையிலேருந்து எடுங்க. பார்சல் சமுந்தர்ல போச்சு. ஸப் லோக் பாத்தாங்க."

அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "சமுத்திரத்துல போன பார்சலுக்குக் கரையில கையெழுத்து எப்படிம்மா வரும்?" பையிலிருந்து ரசீதுச் சீட்டுகளின் கட்டை எடுத்துப் பிரித்து, ஒன்றை உருவி மேசைமேல் போட்டார். "பெற்றுக்கொண்டேன். கீழ கமலாட்சி. படிச்சுப் பாரு."

"படிக்க வராது."

"தமிழச்சியாப் பொறந்து தமிழ் படிக்க வராதா. நல்லாருக்குங்கிறேன்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரித்தால் சிரிக்க வேண்டிய கூட்டம்தான் அது. மங்கையர்க்கரசியும் லேசாகச் சிரித்ததைக் கமலாட்சி பார்த்தாள்.

சீட்டைக் கையில் எடுத்தாள். பத்து ரவிக்கையைக் கலந்து போட்டாலும் எந்தக் காஜா எந்தக் கை எடுத்தது என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. சீட்டைப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். திரும்பி வந்து சீட்டைப் பார்த்தாள். கடைசி எழுத்தின் தலையில் போட்ட சுழி, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது உங்க கை, முதலாளி."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "ஆமா, என் கைதான். பின்ன யாரு கை? இங்க எத்தன பேருக்குக் கையெழுத்து வரும்? ஒவ்வொருத்தனும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு நாலு எழுத்து எழுதி முடிக்கிற வரைக்கும் படகு நிக்குமா? கடையில பார்சல் கட்டும்போதே எல்லார் பேரையும் நானே போட்டு அனுப்பிருவேன். சீட்டு கப்பல்லயே திரும்பி வந்துரும். நாலு வருசமா இதான் வழக்கம்."

நாகமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். தான் என்ன சொன்னோம் என்பது சொக்கலிங்கம் ஒருவருக்குத்தான் உறைக்கவில்லை. பெருமையாக வேறு சுற்றிலும் பார்த்தார்.

"அப்ப என் சீட்டுலயும் நீங்கதான் போட்டீங்களா?" என்றாள் மங்கையர்க்கரசி. "நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ."

ஓ, இப்போதுதான் உனக்குச் சுட்டதா என்று கமலாட்சி நினைத்துக்கொண்டாள். ஒருத்தியைத் திருடி என்று எழுதியபோது சுடவில்லை, தன்னைத் தற்குறி என்றதும் சுட்டுவிட்டது. பரவாயில்லை, எதற்காவது சுட்டதே.

சொக்கலிங்கத்துக்கு மெல்லப் புரிந்தது. முகம் ஒரு நிமிஷம் தொங்கியது. பிறகு, பிச்சைக்காரனுக்குச் சில்லறை தேடுகிறவர் மாதிரி பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"சரி, சரி. பொம்பளைங்களோட நமக்கு எதுக்கு வம்பு. பன்னெண்டு துண்டு இருக்கு, எடுத்துக்க. தர்மக்கணக்குல எழுதிக்கிறேன்."

"தர்மம் யாரு கேட்டா? நான் பணம் கட்டிருக்கேன். பேரு?"

"அடுத்த கப்பல்ல பெயிண்ட் அனுப்புறேன். நாகமுத்து அடிச்சு விட்ருவான். என்ன, ஒரு இருவது நாளு."

"ஆஜ்," என்றாள் கமலாட்சி. "இன்னைக்கு."

"இன்னைக்குப் பெயிண்டுக்கு எங்கம்மா போவேன்?" பேச்சை அத்தோடு முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, வெற்று ரசீதுக் கட்டிலிருந்து புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்தார். பேனாவைத் திறந்தார். பொட்டலத்துக்கு ரசீது வேண்டுமே. பெற்றுக்கொண்டேன் என்று எழுதினார். அதே மூச்சில், பேனாவைத் தூக்காமல், கீழே கமலாட்சி என்றும் எழுதினார். எழுதிவிட்டு, மை காயட்டும் என்று குனிந்து ஊதினார்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

கமலாட்சி பொட்டலத்தைத் தொடவில்லை. அவர் விரலுக்கடியிலிருந்து சீட்டை மட்டும் உருவிக்கொண்டாள். "ஏய், அது கடைச் சீட்டு, அதை எங்க கொண்டுபோற" என்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுவதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். மாராப்பில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி, பலகையில் தன் பெயருக்குக் கீழே சீட்டை வைத்துக் குத்தினாள். மழையில் ஊறிய பலகையில் ஊசி சுலபமாக இறங்கியது.

கூட்டம் அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் வந்தார்கள், தெரியாதவர்கள் அவர்கள் தோளுக்கு மேலே எட்டினார்கள். கடற்காற்றில் சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. மங்கையர்க்கரசி அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே பலகையில் இருந்ததை ஒரு தரம், கீழே சீட்டில் இருந்ததை ஒரு தரம், சத்தமாக வாசித்தாள்.